நாய் குறுக்கே வராத தெரு

என் அக்கா புருஷனுக்கு நான் வைத்த பெயர் 'மெதுவா'. முகத்துக்கு நேரே அத்தான், முதுகுக்குப் பின்னால் மெதுவா. படி இறங்கினால் மெதுவா, சாப்பிட உட்கார்ந்தால் மெதுவா, அக்கா கோபத்தில் கரண்டியை வீசினால்கூட "மெதுவா, மெதுவா" என்பார். இருபத்து மூன்று வருஷமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற மனுஷன் வாயில் வேறு என்ன வரும்? ஒரே ஒரு சின்ன வெள்ளைக் கார், கூரைமேல் ஒரு பலகை. முதலாளி, வாத்தியார், காரைத் துடைக்கிற ஆள் எல்லாம் அவரேதான். அவரிடம் படித்துத் தேறியவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர். அதில் நானும் ஒருத்தி.

அந்தக் காரில் பக்கத்து சீட்டின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. படிக்கிறவர் தடுமாறினால் வாத்தியார் அதை மிதித்து வண்டியை நிறுத்திவிடலாம். அத்தானின் வலது கால் அந்தப் பெடலுக்கென்றே பிறந்த கால். டிவியில் கார் துரத்தல் வந்தால் சோபாவில் உட்கார்ந்தபடியே தரையை மிதிப்பார். தூக்கத்தில் தன் காலை மிதித்து மிதித்து நகம் பெயர்ந்துவிட்டது என்று அக்கா ஒருமுறை எல்லோர் முன்னாலும் சொல்லி அவர் மானத்தை வாங்கினாள். அவர் சிரித்துக்கொண்டே அவள் காலுக்கு மருந்து போட்டுவிட்டார்.

எனக்குக் கற்றுக்கொடுத்தபோது முதல் வாரம் காரிலேயே ஏற்றவில்லை. சாப்பாட்டு மேஜையில் ஒரு தட்டைக் கையில் கொடுத்து இதுதான் ஸ்டியரிங் என்றார். சுவரில் ஒரு கைக்கண்ணாடியை மாட்டினார்.

"கண்ணாடி பாக்காம பிரேக்கைத் தொடாத. நீ நிக்கப் போறது உனக்குத் தெரியும். பின்னாடி வர்றவனுக்கு யாரு சொல்றது?"

"அத்தான், இது சமையல்கட்டு. பின்னாடி யாரு வரப் போறா?"

"எவனாவது வருவான். பாரு."

பார்த்தேன். பார்த்துப் பார்த்து, இன்றைக்கும் நடந்து போகும்போது நிற்பதற்கு முன்னால் கண்ணை மேலே தூக்குகிற ஆளாக ஆகிவிட்டேன். அப்படி ஒரு வாத்தியார். அவர் ஓட்டிய வண்டி எதிலும் அதுவரை ஒரு கீறல் விழுந்ததில்லை.

போன வருஷம் அரசாங்கம் ஒரு விதி போட்டது. பத்து வயதைத் தாண்டிய வண்டியில் பாடம் நடத்தக் கூடாது. அத்தானின் காருக்குப் பத்து முடிய இரண்டு மாதம்தான் இருந்தது. புது வண்டி வாங்குகிற நிலைமை இல்லை. வண்டி இல்லாவிட்டால் பள்ளி இல்லை, பள்ளி இல்லாவிட்டால் ஐம்பத்து நான்கு வயதில் அந்த மனுஷனுக்கு வேறு தொழில் எதுவும் தெரியாது. நான் வேலை பார்ப்பது நகல் எடுக்கிற கடையில். விலக்கு கேட்டு அவர் எழுதிய மனுக்களை என்னிடம்தான் நகல் எடுக்க வருவார். ஒன்று போனது, திரும்பி வந்தது. இரண்டாவது போனது, அதுவும் திரும்பி வந்தது. மூன்றாவதை அவர் தலைகீழாக நீட்டியதைப் பார்த்தேன். பார்த்ததை வீட்டில் வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அந்த வாயைத் தைத்துக்கொண்டிருக்கலாம்.

என் வீட்டுக்காரர் கார் பட்டறை வைத்திருக்கிறார். நசுங்கிய கதவை இரண்டு மணி நேரத்தில் புதுசாக்கிவிடுவார். நல்ல கதவை இரண்டு நிமிஷத்தில் நசுக்கவும் தெரியும். இன்சூரன்ஸ் பணத்துக்காக வேண்டுமென்றே இரண்டு வண்டிகளை மோதவிட்டு வாடிக்கையாளர்களுக்கு உதவுவதை அதற்கு முன்பே இரண்டு தடவை செய்திருந்தார். எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன். அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

"பாருங்க சகலை," என்றார் அத்தானிடம். "வண்டி முன்பக்கம் நொறுங்கணும். இனி சரி பண்ணவே முடியாதுன்னு எழுதி வாங்கணும். அப்பதான் முழு வண்டிக்கும் குடுப்பான். முன்னாடி போற வண்டில நீங்க ஒரே ஒரு இடி இடிங்க. மிச்சத்தைப் பட்டறைல நான் பாத்துக்கறேன்."

"யாரு வண்டில இடிக்கறது?"

"நம்ம வண்டிதான். இவ ஓட்டுவா."

இவ என்றது என்னை. கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன்.

"நானா? எனக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"நீ திடீர்னு பிரேக் போட்டா போதும். யாராவது கேட்டா நாய் குறுக்க வந்துச்சுன்னு சொல்லு. கழுத்து வலிக்குதுன்னு பத்து நாள் படுத்துக்க. ரெஸ்டே இல்லை, ரெஸ்டே இல்லைன்னு பாட்டு பாடிக்கிட்டு இருந்தியே!"

அத்தான் மூன்று வாரம் முடியவே முடியாது என்றார். மூன்றாவது மனுவும் திரும்பி வந்த அன்று எங்கள் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று, "அக்காவுக்குத் தெரிய வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். என் வீட்டுக்காரர் மறுநாளே கழுத்துப் பட்டை ஒன்று வாங்கி வந்துவிட்டார், என் அளவுக்கு. அதை மாட்டிப் பார்த்து நான் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறையத் தோன்றுகிறது.

புதன்கிழமை மதியம் இரண்டரை மணி. கிடங்குகள் வரிசையாக இருக்கிற தெரு. அந்த நேரத்தில் சரக்கு வண்டிகள் சாப்பாட்டுக்கு நின்றுவிடும், ஆள் நடமாட்டம் இருக்காது. மூடிய கிடங்கு ஒன்றின் வாசலில் என் வீட்டுக்காரர் நின்றுகொண்டார். நான் முன்னால், அத்தான் தன் காரில் எனக்குப் பின்னால். கிளம்புமுன் இரண்டு தடவை கக்கூஸ் போய்விட்டு வந்தும் எனக்கு மறுபடி அடிவயிறு முட்டியது.

சொன்ன இடம் வந்தது. கண்ணாடியைப் பார்த்தேன், பிரேக்கை மிதித்தேன், தலையை சீட்டோடு அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒன்றும் நடக்கவில்லை. அத்தான் ஒரு முழம் இடைவெளி விட்டு அழகாக நிறுத்தியிருந்தார்.

சுற்றிக்கொண்டு மறுபடி வந்தோம். மறுபடி மிதித்தேன். மறுபடி அதே ஒரு முழம். இறங்கிப் போய்க் கேட்டேன்.

"என்ன அத்தான் இது, விளையாட்டா? என் உயிர் கையில இல்ல!"

"நான் என்னம்மா பண்றது? மிதிக்காத மிதிக்காதன்னு மனசுக்குள்ள சொல்றேன். காலு கேக்க மாட்டேங்குது."

அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அங்கேயே கை கழுவிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"நகருங்க சகலை. நான் ஓட்டறேன். உங்களை நம்பினா பொழுது விடிஞ்சிடும்."

"என் வண்டியை விட்டு நான் இறங்க மாட்டேன்" என்றார் அத்தான். யாரும் சொல்லாமலே, பழக்க தோஷத்தில், நகர்ந்து பக்கத்து சீட்டுக்குப் போய் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

மூன்றாவது சுற்று. கண்ணாடியில் இரண்டு முகமும் தெரிந்தன. என் வீட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அத்தானின் உதடு அசைந்தது. என்ன சொல்கிறார் என்று காது கேட்காமலே தெரிந்தது. மிதித்தேன். கண்ணை மூடினேன். டயர் தேய்கிற சத்தம், பிறகு அமைதி. திறந்து பார்த்தால் பின்னாலிருந்த வெள்ளைக் கார் மூக்கைத் தரையில் குத்தி, அதே ஒரு முழத்தில் நிற்கிறது.

எனக்குப் புரிந்துவிட்டது. அந்த இரண்டாவது பெடல்! பத்து வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர்தான் இரண்டு நாள் காருக்கு அடியில் படுத்து அதைப் பொருத்தினார். பொருத்தியவரே மறந்துபோனார். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்பாடா, தப்பித்தோம் என்றுகூட நினைத்தேன். அத்தான் வழக்கம்போல, மாணவர் சட்டென்று நின்ற பிறகு எப்போதும் செய்வதுபோல, பின்னால் யார் வருகிறார்கள் என்று தோளுக்கு மேல் முழுசாகத் திரும்பிப் பார்த்தார்.

வந்தது ஒரு சலவை வேன்.

அது பின்னாலிருந்து இடித்த வேகத்தில் வெள்ளைக் கார் என் வண்டியின் முதுகில் வந்து முட்டியிருந்தது. வேனின் கதவு திறந்து வெள்ளைத் துணி மூட்டைகள் தெருவில் கிடந்தன. வேன்காரர் மூட்டைகளைத் தாண்டி ஓடி வந்து, "யாருக்கும் ஒண்ணும் ஆகலியே? யாருக்கும் ஒண்ணும் ஆகலியே?" என்று மூன்று ஜன்னலிலும் மாறி மாறிக் கேட்டார். அத்தானுக்கு ஆகியிருந்தது. திரும்பிய கழுத்து திரும்பியபடியே நின்றுவிட்டது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் என் ஜன்னலுக்கு வந்தார். முதல் வார்த்தையாக என்ன சொன்னார் தெரியுமா?

"நாய். மறந்துடாத."

கழுத்தில் நரம்பும் தசையும் கிழிந்திருக்கிறது, நேராகப் பார்த்துக்கொண்டிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது, இனி பழையபடி திரும்புவது கஷ்டம் என்றார் டாக்டர். கழுத்துப் பட்டை ஒன்று வாங்கி வரச் சொன்னார்கள். "வாங்க வேண்டாம், வீட்ல இருக்கு" என்றார் என் வீட்டுக்காரர். என் அளவுக்கு வாங்கிய பட்டை. அத்தானின் தாடையை அழுத்தி மேலே தூக்கியது.

பட்டறையில் உட்கார்ந்து என் வீட்டுக்காரர் யோசித்ததில் அவருக்கு சந்தோஷமே வந்துவிட்டது. "யோசிச்சுப் பாரு. இப்ப நம்ம மேல ஒரு தப்பும் இல்ல. நீ நாய்க்காக நின்ன, நாங்க உனக்காக நின்னோம். பின்னாடி வந்தவன்தான் முட்டினான். வண்டி, வைத்தியம் எல்லாம் அவன் இன்சூரன்ஸ் தலைல. வலி நிஜம், அடி நிஜம். நாய் ஒண்ணு நின்னா போதும்."

அந்த நாயை நிற்கவைக்கிற வேலை என்னுடையது. பழுப்பு நிறம். ஒல்லி. வால் பாதிதான். கிடங்குப் பக்கத்திலிருந்து வந்து எதிர்ப்பக்கம் ஓடியது. சாப்பிடும்போது கேட்பார், பல் தேய்க்கும்போது கேட்பார், "வாலு?" என்பார், "பாதி" என்பேன். கடையில் பத்து நகல் கேட்டவருக்கு நூறு எடுத்துக் கொடுத்தேன். வாசலில் ஒரு நிஜ நாய் வந்து நின்றதற்குக் காகிதக் கட்டைக் கீழே போட்டேன். போலீஸ் மாதிரி யார் நடந்து வந்தாலும் மெஷினுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். இத்தனைக்கும் நடுவில் அக்கா வேறு. ஒன்றும் தெரியாத என் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வாயில்லாத ஜீவனைக் காப்பாத்தியிருக்க. அது போதும்டி. நீ ஒண்ணும் வருத்தப்படாத" என்றாள். தரை பிளந்து உள்ளே போனால் தேவலை என்றிருந்தது.

ஐந்தாம் நாள் வேன்காரர் அக்கா வீட்டுக்கு வந்தார். நாற்பத்தெட்டு வயசு இருக்கும். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. நானும் அங்கே இருந்தேன்.

"தப்பு என் மேலதான் சார். ஒத்துக்கிட்டேன். எங்க கம்பெனிலயும் சொல்லிட்டேன்."

"அதெல்லாம் விடுங்க" என்றார் அத்தான், பட்டைக்குள்ளிருந்து.

"ஒண்ணே ஒண்ணுதான் எனக்கு ஆறல. பகல் வெளிச்சம். நேர் ரோடு. அந்த நாய் எப்படி சார் என் கண்ணுல படாம போச்சு? நாலு நாளா யோசிக்கறேன். ஒரு நாயை முழுசா பாக்காம விட்டிருக்கேன்னா நாளைக்கு ஒரு குழந்தையை விட மாட்டேனா? கண்ணு போச்சுன்னு நினைக்கறேன். நாளன்னிக்கு டாக்டர்ட்ட போறேன். அவர் என்ன சொன்னாலும் சரி, நான் வண்டியை விட்டுடறதுன்னு முடிவு பண்ணிட்டேன். பயமா இருக்கு சார்."

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அத்தான் மெல்ல எழுந்து, உடம்போடு திரும்பி, ஜன்னலுக்கு வந்தார். முதல் நாள் வருகிற ஒவ்வொரு மாணவரிடமும் சொல்வதை அவரிடமும் சொன்னார்.

"அதோ, தெருமுனைல பச்சை வண்டி நிக்குதில்ல? நம்பர் படிங்க."

வேன்காரர் படித்தார். நான் கண்ணை இடுக்கிப் பார்த்தும் எனக்குப் பாதிதான் தெரிந்தது.

"அதுக்கு அந்தப் பக்கம், சிவப்பு."

அதையும் படித்தார். ஒரு எழுத்து பிசகவில்லை. அத்தான் தலையாட்ட முயன்றார், பட்டை விடவில்லை. "சரி, போயிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் வேனின் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து விசாரணைக்கு ஒரு அம்மா வந்தார். கையில் சின்ன நோட்டு, பேச்சில் அவசரமே இல்லை. அக்கா, அத்தான், என் வீட்டுக்காரர், நான், நாலு பேரையும் ஒரே அறையில் உட்காரவைத்தார். முதலில் அத்தானின் கழுத்துப் பட்டையைப் பார்த்து, "சின்னதா இருக்கே சார், அழுத்தலையா?" என்றார். அதற்கே எனக்கு வியர்த்துவிட்டது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பயப்படாதீங்கம்மா. என்ன நடந்துச்சுன்னு ஒண்ணொண்ணா சொல்லுங்க. நீங்க என்ன பண்ணீங்க, அதுக்கப்புறம் என்ன பண்ணீங்க, அவ்வளவுதான்."

நாய்க்குத் தயாராக இருந்தேன். நிறம் கேட்பார், வால் கேட்பார் என்று இருந்தேன். அவர் கேட்டது நான் என்ன செய்தேன் என்று. அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரே பதில்தான் உண்டு. தட்டைப் பிடித்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் படித்த பதில்.

"நேரா போயிட்டு இருந்தேன். கண்ணாடி பாத்தேன். இவங்க வண்டி பின்னாடி வர்றது தெரிஞ்சுது. பிரேக் போட்டேன்."

பேனா நின்றது.

"நாய் ஓடி வந்தப்புறம் கண்ணாடி பாத்தீங்களா?"

"ம்... ஆமா."

"பாஞ்சு வந்த நாயை விட்டுட்டு, மேல பாத்து, பின்னாடி யாரு வர்றாங்கன்னு பாத்துட்டு, அப்புறம் பிரேக் போட்டீங்க?"

என் வீட்டுக்காரர் இருமினார். அந்த அம்மா என்னை மிரட்டவில்லை. "அவசரமில்ல, யோசிச்சு சொல்லுங்க" என்று நோட்டை மடியில் வைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை போதும். மாத்தி சொல்லிட்டேன், முதல்ல பிரேக், அப்புறம்தான் கண்ணாடி என்றால் முடிந்தது. அத்தானுக்குக் கார் வரும், வைத்தியம் நடக்கும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

"அவ சரியாத்தான் பண்ணா" என்றது அத்தானின் குரல். "கண்ணாடி பாத்துட்டுத்தான் பிரேக்கைத் தொட்டா. நான்தான் சொல்லிக் குடுத்தேன். நாய்தான் இல்ல."

"சகலை!"

அத்தானால் கழுத்தைத் திருப்ப முடியாது. நாற்காலியோடு உடம்பைத் திருப்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தார். பிறகு மறுபடி மெதுவாகத் திரும்பி அந்த அம்மாவைப் பார்த்தார்.

"நாங்க மூணு பேரும் சேந்து பண்ண வேலைம்மா. என் வண்டியை நொறுக்கறதுக்காக. பின்னாடி யாரு வர்றான்னு நாங்க நினைக்கவே இல்ல. எழுதிக்குங்க."

"இதைச் சொன்னா உங்களுக்கு ஒண்ணுமே கிடைக்காது, தெரியுமில்ல சார்? கத்துக்குடுக்கற உரிமமும் போயிடும். எதுக்கு இப்ப சொல்றீங்க?"

"அந்த ஆளு நாளைக்குக் கண் டாக்டர்ட்ட போறாரு. அவர் கண்ணு நல்லா இருக்கு. நான் பாத்தேன். இன்னிக்கே அவருக்கு போன் பண்ணிச் சொல்லிடுங்க."

அக்கா என்னைப் பார்த்தாள். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அவள் வெறுமனே பார்த்தாள்.

உரிமம் போனது. கூரைமேலிருந்த பலகை இப்போது அவர்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. எங்கள் மூன்று பேர் மேலும் வழக்கு நடக்கிறது. பட்டறையில் பாதிக் கதவு சாத்தித்தான் கிடக்கிறது. என் வீட்டுக்காரர் அத்தானோடு பேசுவதில்லை. அக்கா என்னோடு நாலு மாதம் பேசவில்லை, இப்போது தேவைக்குப் பேசுகிறாள். வேன்காரர் இன்னும் சலவை வேன்தான் ஓட்டுகிறார். ஒருநாள் சிக்னலில் என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் பார்த்துவிடுவாரோ என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவருக்குத்தான் கண் நன்றாகத் தெரியுமே, பார்த்திருப்பார்.

செவ்வாய்க்கிழமைகளில் அத்தானைக் கழுத்துப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது நான்தான். எங்கள் வண்டியில், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொள்வார். முன்னால் ஏதாவது வந்தால் அவர் வலது கால் தரையை மிதிக்கும். அங்கே பெடல் கிடையாது. மிதித்த பிறகு பின்னால் திரும்பப் பார்ப்பார். தோள் அசையும், கழுத்து வராது. இத்தனை வருஷம் எல்லோருக்கும் பார்க்கச் சொல்லிக்கொடுத்த மனுஷன், பல்லைக் கடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி என்னிடம் கேட்பார்.

"பின்னாடி யாரும்மா வர்றா?"

நான் கண்ணாடியைப் பார்த்துச் சொல்வேன். பைக் ஒன்று வருகிறது அத்தான், பஸ் வருகிறது அத்தான், தூரமாகத்தான் வருகிறது அத்தான். யாரும் இல்லை என்று மட்டும் நான் சொல்வதில்லை.